தாமிரபரணியில் ஈத் தூண்டில்: டிரவுட் இல்லாத ஆற்றில் டிரவுட் வித்தை

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு படித்துறையில் நான் முதன்முதலாக இந்தத் தூண்டிலை வீசிப் பழகிய அன்று, குளிக்க வந்த பெரியவர் ஒருவர் துண்டைத் தலையில் கட்டியபடி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்பு முன்னும் பின்னும் போகிறது, தூண்டில் நரம்பு தலைக்கு மேலே சுற்றுகிறது, தண்ணீரில் மட்டும் விழுந்தபாடில்லை.

"என்ன தம்பி, மீனு மேலயா பறக்கு?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, இது வேற மாதிரி தூண்டி."

"அது சரி. மீனுக்கு அது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு முங்கப் போய்விட்டார்.

மீனுக்குத் தெரியும் என்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷத்தில் முக்கால்வாசியைக் கம்பைப் பற்றி யோசித்தே வீணாக்கினேன். தண்ணீர் மேலே என்ன மிதந்து வருகிறது என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் மீன் விழ ஆரம்பித்தது. நீங்கள் அந்த முக்கால் வருஷத்தை மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிரவுட் எங்கே, நாம் எங்கே

ஈத் தூண்டில், இங்கிலீஷில் ஃப்ளை ஃபிஷிங், என்றதும் டிரவுட் மீன்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் அதற்கு நீலகிரிக்குப் போக வேண்டும். 1907-லேயே அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிக்கும் பண்ணை வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் முட்டையாகவும் குஞ்சாகவும் கொண்டுவந்து விட்ட மீன் அது. மலையைத் தாண்டினால் மூணாறு பக்கமும் உண்டு.

நம் ஆற்றில் அது பிழைக்காது. டிரவுட்டுக்குச் சுகமான தண்ணீர் 10 முதல் 16 டிகிரி. 20-ஐத் தாண்டினால் திணறும், 25-ஐத் தொட்டால் செத்து மிதக்கும். குளிர்ந்த தண்ணீரில்தான் ஆக்சிஜன் நிறையக் கரையும் என்பது ஒரு காரணம். 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 11 மில்லிகிராம் கரைந்திருக்கும் என்றால், நம் ஊர் 28 டிகிரித் தண்ணீரில் 8 மில்லிகிராம்கூடத் தேறாது. மாஞ்சோலை மேலே குளிராகத்தானே இருக்கிறது, அங்கே விட்டால் என்ன என்று கேட்ட நண்பர்கள் உண்டு. அது புலிகள் காப்பகம். அந்த ஓடைகளில் வேறெங்கும் இல்லாத சின்ன மீன்கள் இருக்கின்றன. டிரவுட் அதையெல்லாம் தின்றே தீர்த்துவிடும். விட்டுவிடுவோம்.

மீன் வராவிட்டால் என்ன, வித்தை வரும். சாதாரணத் தூண்டிலில் மண்புழு, மைதா உருண்டை என்று இரை வைத்து, ஈயக்குண்டு கட்டி, தக்கை அமுங்குகிறதா என்று பார்க்கிறோம். ஈத் தூண்டிலில் இரையும் கிடையாது, குண்டும் கிடையாது. முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்த ஒரு பொய்ப் பூச்சி மட்டும். அதற்கு எடையே இல்லாததால் அதை வீச முடியாது. நரம்பைத்தான் வீசுகிறோம், ஈ அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. மேலே விழும் பூச்சியைத் தின்னும் எந்த மீனையும் இப்படிப் பிடிக்கலாம். தாமிரபரணியில் சின்னக் கெண்டை வகைகள் அத்தனையும் அதைச் செய்கின்றன. ஜிலேபிக் கெண்டையும் மனசு வந்தால் எடுக்கும். கரையோரப் புல்லில் பெரிய ஈயை இழுத்தால் விரால் பாய்ந்து அடிக்கும்.

முதல் பாடம்: ஒரு பை பொரி

கம்பு வாங்குவதற்கு முன்னால் பாபநாசம் போய் வாருங்கள். கோயில் படித்துறையில் பொரி வாங்கிப் போட்டால் மீன்கள் கூட்டமாக மேலே வரும். அவை கோயில் மீன்கள், யாரும் பிடிப்பதில்லை, நீங்களும் பிடிக்கக் கூடாது. பார்க்கத்தான் போகிறோம்.

பொரியைக் கைநிறைய அள்ளிப் போடாமல், நாலைந்தாக ஓட்டத்தின் மேல்பக்கம் போடுங்கள். மீன்கள் எல்லாம் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்துத்தான் நிற்கும். பொரி அவற்றை நோக்கி மிதந்து வரும். மீன் கொஞ்சமாக உயர்ந்து, பொரி கூடவே ஒரு முழம் பின்னால் நகர்ந்து, பிறகுதான் வாய் திறக்கும். எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஒரு பொரியை நூலில் கட்டி விட்டுப் பாருங்கள் (முள் வேண்டாம், வெறும் தையல் நூல்). நூல் தளர்வாக இருக்கும்வரை மற்றப் பொரிகளோடு போய் மறைந்துவிடும். நூல் கொஞ்சம் இழுபட்டுப் பொரி குறுக்கே நகர்ந்ததோ, மீன் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இந்த வித்தையில் பாதி இதுதான். நூலை அங்கே விட்டுவிடாமல் கையோடு எடுத்து வாருங்கள்.

எங்கே போடலாம், எங்கே கூடாது

காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறைப் பகுதிகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. அங்கே தூண்டிலை எடுத்துப் போவதே வம்பு. அணைத் தேக்கங்களிலும் குளங்களிலும் மீன் பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் போயிருக்கும், குத்தகைக்காரரிடம் கேட்காமல் போட்டால் சண்டைதான் வரும். ஆற்றில் போடுவதற்கு உரிமம் வேண்டுமா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு தடவை நேரில் கேட்டுவிடுங்கள். வெடியும் விஷமும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டவை. யாராவது அப்படிச் செய்வதைப் பார்த்தால் அந்த இடத்தில் நிற்காதீர்கள்.

மலை இறங்கியபிறகு ஆறு நம்முடையது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் ஆற்றை எட்டு தடவை தடுக்கின்றன. கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரர் காலத்தது, மற்றவை அதற்கும் முந்தையவை. இவை நமக்கு எதற்கு என்றால், ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் மேலே நீளமாகத் தேங்கிய தண்ணீர், கீழே பாறையில் உடைந்து ஓடும் தண்ணீர். கீழே இருப்பதுதான் நமக்கு. ஆனால் மதகுக்கும் சரிவுக்கும் நேர் கீழே இறங்காதீர்கள், இருநூறு முந்நூறு அடி தள்ளி, ஓட்டம் தணிந்து முழங்கால் ஆழத்தில் பரவும் இடத்தில் நில்லுங்கள். திருநெல்வேலி நகருக்குள் சாக்கடை கலக்கும் இடங்களில் பிடிப்பதும் வேண்டாம், பிடித்தால் தின்பதும் வேண்டாம்.

எப்போது

தை முதல் பங்குனி வரை என் கணக்கில் நல்ல காலம். வடகிழக்குப் பருவ வெள்ளம் வடிந்து, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். சித்திரைக்கு மேல் ஆறு மெலிந்து, கசங்களில் (ஆழமான பள்ளங்களில்) மட்டும் மீன் நிற்கும். ஜூனில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தால் ஒரு வாரம் கலங்கி ஓடும், அப்புறம் தெளியும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுப் பக்கம் கம்போடு போகாதீர்கள். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளமெடுத்து இந்த ஆறு செய்ததை ஊரே பார்த்தது.

நாளில் என்றால் விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல். நடுப்பகலில் வீட்டில் ஈ கட்டலாம்.

மழையே இல்லாத நாளிலும் மேலே அணையில் தண்ணீர் கூட்டி விடுவார்கள். ஆற்றில் இறங்கியதும் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்தி வையுங்கள். நேற்று தண்ணீர் இருந்த மட்டத்தைக் குச்சி காட்டாது, நீங்கள் வந்தபிறகு ஏறுகிறதா என்பதைக் காட்டும். நாலு விரற்கடை ஏறினால் கரையேறிவிடுங்கள், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி. மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு உண்டு. பழக்கமில்லாத இடத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் "இங்க கசம் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கம்பும் நரம்பும்

ரீல் இல்லாமல் ஆரம்பியுங்கள். இது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வதில்லை. ஜப்பான் மலையோடைகளில் டிரவுட் இனத்து மீன்களை இப்படித்தான் பிடித்தார்கள்: நீளக் கம்பு, அதன் நுனியில் கட்டிய நரம்பு, நரம்பின் நுனியில் ஈ. அதற்கு டென்காரா என்று பெயர். நம் ஊர்ப் பையன்கள் மூங்கில் கம்பில் கெண்டை பிடிப்பதும் இதே கட்டுமானம்தான், இரை மட்டும்தான் வேறு.

கம்பு 10 முதல் 12 அடி. நல்ல மூங்கிலாக, நுனி பென்சில் முனை அளவுக்கு ஒல்லியாக, அசைத்தால் நுனி மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைவதாகப் பாருங்கள். அடிமுதல் வளைவது வீச வராது, வளையவே வளையாதது நரம்பை அறுத்துவிடும். கை வலிக்கிறது என்பவர்கள் ஒன்றுக்குள் ஒன்று போகும் ஃபைபர் கம்பு வாங்கலாம்.

நரம்பு கம்பின் நீளத்துக்கு. 0.35 மில்லிமீட்டர் கனத்தில் ஃபுளூரோகார்பன் நரம்பு கிடைத்தால் சிறப்பு, அது சாதாரணத் தங்கூசை (நைலான் நரம்பை) விட எடை அதிகம், காற்றில் நன்றாகப் போகும். கிடைக்கவில்லையா, தங்கூஸ் இரண்டு இழையை முறுக்கிக்கொள்ளுங்கள். இதன் நுனியில் மூன்று அடி நீளத்துக்கு 0.16 அல்லது 0.18 நரம்பைச் சேர்க்க வேண்டும். இரண்டு நுனிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு சாண் படியவைத்து, இரண்டையும் சேர்த்தே வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள் இரண்டு தடவை நுழைத்து இறுக்கினால் முடிச்சு தயார்.

ஈயைக் கட்டும் முடிச்சு வேறு. நுனியை முள்ளின் காதில் நுழைத்து, நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்றி, காதுக்கு ஒட்டி உண்டாகும் குட்டி வளையத்தில் நுனியைத் திருப்பி விட்டு, எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்குங்கள். எச்சிலை மறக்க வேண்டாம். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசலில் சூடேறி அந்த இடம் பலம் இழந்துவிடும். நான் தவறவிட்ட முதல் நல்ல மீன் எச்சில் தொடாததால்தான் போனது.

முசுறு கட்டுவோம்

ஆயிரம் வகை ஈக்களைப் படம் போட்டு விற்கிறார்கள். தாமிரபரணிக்கு இரண்டு போதும்: ஒன்று முசுறு (இலைகளைச் சேர்த்து மரத்தில் கூடு கட்டும் சிவப்பு எறும்பு), இன்னொன்று ஈசல்.

கரையில் மருத மரமோ மாமரமோ இருந்தால் முசுறு இருக்கும். காற்றடிக்கும்போது இலையோடும் இலையில்லாமலும் தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கும். மரத்தின் நிழல் விழும் தண்ணீரில் கெண்டை காத்துக்கிடப்பது இதற்காகத்தான். முசுறு ஒன்றைப் பிடித்து (கடி வாங்காமல்) நன்றாகப் பாருங்கள். பின்னால் உருண்டை, நடுவில் மயிரிழை மாதிரி இடுப்பு, முன்னால் சின்ன உருண்டை, பக்கவாட்டில் கால்கள். மீனுக்கு அந்த இடுப்புதான் அடையாளம் என்று நான் நினைக்கிறேன். இடுப்பில்லாமல் குண்டாகக் கட்டியவை எனக்கு ஒருநாளும் நன்றாக வேலை செய்ததில்லை.

வேண்டியவை: 14-ஆம் எண் முள் (எண் கூடக் கூட முள் சிறுக்கும் என்பது நினைவிருக்கட்டும்), டீ நிறத் தையல் நூல், நாட்டுச் சேவலின் கழுத்து இறகு, குறடு, நகப்பூச்சு. கோழிக்கடையில் கேட்டால் கழுத்து இறகைச் சும்மாவே கொடுப்பார்கள், ஒரு மாதிரி பார்ப்பார்கள், அவ்வளவுதான். இறகைச் சோப்பு போட்டு அலசி நிழலில் காயவையுங்கள்.

குறட்டால் முள்ளின் எதிர்முள்ளை (நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் குட்டி முள்ளை) அமுக்கி மடக்கிவிடுங்கள். உங்கள் விரலுக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது. முள்ளைச் சின்ன வைஸில் பிடியுங்கள். வைஸ் இல்லாதவர்கள் குறட்டின் கைப்பிடியில் ரப்பர் பேண்ட் இறுக்கி, அதன் வாயில் முள்ளைக் கவ்வவைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் குறட்டை நிறுத்தலாம். நான் இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

காதுக்குப் பின்னால் நூலைத் தொடங்கி, சுற்றின்மேல் சுற்று ஏறாமல் வளைவு வரை கொண்டுபோங்கள். அங்கே திரும்பத் திரும்பச் சுற்றி மிளகு அளவுக்கு உருண்டை ஆக்குங்கள். நூலை இரண்டு மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள், இந்த இடத்தில் ஒற்றைச் சுற்று மட்டும். இதுதான் இடுப்பு. இறகின் அடியில் இருக்கும் பஞ்சை உருவிவிட்டு, தண்டை இடுப்பின் முன்முனையில் நாலு சுற்றால் கட்டுங்கள். இறகின் நுனியைப் பிடித்து முள்ளைச் சுற்றி மூன்று சுற்று. மூன்றே மூன்று. அதிகம் சுற்றினால் முசுறு போய்க் கம்பளிப்பூச்சி ஆகிவிடும். நுனியை நூலால் அமுக்கிக் கட்டி, மிச்ச இறகை வெட்டிவிடுங்கள். முன்னால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. காதை நூல் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூலை மூன்று தடவை தன்னைத்தானே சுருக்குப் போட்டு இறுக்கி, வெட்டி, முடிச்சின் மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு. நிறமில்லாத பூச்சு நல்லது. வீட்டில் இருந்ததைத் தொட்டு ரோஸ் தலை முசுறுகளும் கட்டியிருக்கிறேன், கெண்டை அதைக் கண்டுகொள்ளவில்லை.

முதல் பத்து கோணலாக வரும். கோணல்களையும் தூக்கிப் போடாதீர்கள், மரக்கிளைக்குக் காணிக்கை கொடுக்க உதவும்.

எங்கே விழவேண்டும்

ஆற்றங்கரைக்கு வந்ததும் கம்பை விரிக்காமல் பத்து நிமிஷம் உட்காருங்கள். கொக்கு எங்கே நிற்கிறது, மீன்கொத்தி எந்தக் கிளையில் திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது என்று பாருங்கள். அவை நம்மைப் போலப் பொழுதுபோக்காக வருவதில்லை.

நுரை ஒரு கோடாக மிதந்து போகும் இடத்தைத் தேடுங்கள். வேக ஓட்டமும் மந்த ஓட்டமும் உரசும் இடத்தில் அந்தக் கோடு உண்டாகும். விழுந்த பூச்சி, இலை, பூ எல்லாம் அதில்தான் சேரும். மீன் மந்தமான பக்கத்தில் நின்றுகொண்டு வேகமான பக்கத்திலிருந்து வருவதைக் கொத்தும். பாறைக்குப் பின்னால் ஒரு சின்னத் தேக்கம் இருக்கும், அங்கும் இதே கதை. அமலைச் செடி (ஆகாயத்தாமரை) படர்ந்த ஓரத்தில் ஜிலேபியும் விராலும். அத்தி, நாவல் மரம் தண்ணீர் மேல் சாய்ந்து பழம் விழும் இடம் இருந்தால் அதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஒரு சின்ன வளையம் விரிகிறது, சத்தமே இல்லை: மிதக்கும் பூச்சியைக் கெண்டை உறிஞ்சியிருக்கிறது. வளையம் வந்த இடத்தில் வீசாதீர்கள், மீன் நின்ற இடம் அதற்குக் கொஞ்சம் மேலே. இரண்டு மூன்று அடி மேல்பக்கமாக விழவையுங்கள், மிதந்து வரட்டும்.

மீன் ஓட்டத்தைப் பார்த்து நிற்பதால் நீங்கள் கீழ்ப்பக்கமிருந்து, அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. மஞ்சள் சட்டையும் சிவப்புத் துண்டும் வேண்டாம். போலரைஸ்டு கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீரின் பளபளப்பு போய் அடியில் நிற்கும் மீன் தெரியும். தவறி வரும் முள்ளிலிருந்து கண்ணையும் அது காக்கும்.

வீசுவது

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரலால் தண்ணீர் தெளிப்போம் அல்லவா? கையை வீசி, சட்டென்று நிறுத்துவோம். கை நிற்கும், தண்ணீர் போகும். அவ்வளவுதான் வீச்சு. நிறுத்தாமல் கையைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தால் தண்ணீர் நம் காலடியில்தான் சிந்தும், நரம்பும் அப்படித்தான்.

முழங்கையை இடுப்போடு ஒட்டி வையுங்கள். ஆட்காட்டி விரலைக் கம்பின் மேல் நீட்டிப் பிடியுங்கள். கம்பு கடிகார முள் என்றால், தண்ணீரிலிருந்து நரம்பைத் தூக்கி 12-ஐத் தாண்டியதும் நிறுத்துங்கள். நரம்பு பின்னால் விரியும்வரை ஒரு நொடி பொறுங்கள். இந்த ஒரு நொடிதான் யாருக்கும் வருவதில்லை, எனக்கும் வரவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்துக்கூடப் பழகுங்கள், வெட்கமில்லை. நீண்டதும் முன்னால் கொண்டுவந்து 10-ல் நிறுத்துங்கள். நரம்பு காற்றிலேயே முழுசாக நீண்டு, ஈ முதலில் தண்ணீரைத் தொட வேண்டும்.

முதல் வாரம் ஆற்றுக்கே போக வேண்டாம். மொட்டை மாடியிலோ களத்திலோ முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூல் கட்டி, ஐந்து மீட்டர் தூரத்தில் சுளகு (முறம்) ஒன்றை வைத்து அதில் விழவையுங்கள். பத்தில் ஐந்து விழுந்தால் ஆற்றுக்குப் புறப்படலாம்.

ஈ தண்ணீரைத் தொட்டதும் கம்பின் நுனியை உயர்த்தி, நரம்பு முழுக்கக் காற்றில் நிற்கும்படி பிடியுங்கள். நுனியில் ஒரு முழம்தான் தண்ணீரில் கிடக்க வேண்டும். பக்கத்தில் மிதக்கும் மருத இலையைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். இலையும் ஈயும் ஒரே வேகத்தில் வர வேண்டும். ஈ பின்தங்கினாலோ முந்தினாலோ குறுக்கே கோடு கிழித்தாலோ, எடுத்து மறுபடி வீசுங்கள். பாபநாசத்தில் நூல் கட்டிய பொரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடித்ததும்

தக்கைத் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இங்கேதான் கை கெட்டிருக்கும். தக்கை அமுங்கினால் விசுக்கென்று சுண்டுவோம். இங்கே அப்படிச் சுண்டினால் 0.16 நரம்பு அறுந்துவிடும், இல்லையென்றால் குட்டிக் கெண்டை பறந்து வந்து பின்னால் நாணலில் விழும். மணிக்கட்டை மட்டும் ஒரு சாண் உயர்த்துங்கள், போதும். ஆனால் உடனே உயர்த்த வேண்டும். மண்புழுவை மீன் விழுங்கும், நூல் சுற்றிய முள்ளை வாயில் போட்ட நொடியே துப்பிவிடும்.

மீன் மாட்டியதும் கம்பை மேலேயே நிறுத்தி வையுங்கள். ஓட நினைக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாகக் கம்பைச் சாய்த்தால் களைத்துவிடும். நரம்பைக் கையால் பிடித்து இழுப்பது கடைசியில்தான். விரால் மாட்டினால் நேராகச் செடிக்குள் பாயும், இந்த மெல்லிய நரம்பில் அதோடு மல்லுக்கட்ட முடியாது. விராலுக்கு 0.30 நரம்பும் பெரிய முள்ளும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் ஒன்று தண்ணீர் மேல் கொதிப்பது போலத் தெரிந்தால், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கிட்டே என்ன விழுந்தாலும் அடிக்கும், பிடிப்பது சுலபம். அதனாலேயே அங்கே வீசக் கூடாது, காவல் போனால் குஞ்சு மொத்தமும் மற்ற மீனுக்கு இரை.

ஈசல் பறக்கும் நாள்

வருஷத்தில் நாலைந்து நாள்தான் வரும். புழுங்கிப் புழுங்கி, ஒரு மழை கொட்டி ஓய்ந்து, மண் இளகியிருக்கும் சாயங்காலம். கோடை மழைக்கும் வரும், புரட்டாசியிலும் வரும். புற்றிலிருந்து புகை மாதிரி ஈசல் கிளம்பும். சின்ன வயதில் அதைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்றிருப்போம். ஆறும் அன்றைக்கு அதைத்தான் தின்னும்.

ஒரு சித்திரை மாலை, முக்கூடல் பக்கம். மழை நின்று அரை மணி நேரம். முதலில் ஒன்றிரண்டு ஈசல் தண்ணீரில் விழுந்து, நாலு இறகையும் விரித்தபடி சுழன்று போனது. ஒரு வளையம். அப்புறம் இரண்டு. பத்து நிமிஷத்தில் எதிர்க்கரை வரைக்கும் தண்ணீர் மழை பெய்வது போலப் பொட்டுப் பொட்டாக வெடித்தது, மழைதான் இல்லை. என் கையில் முசுறு இருந்தது. ஆறு வீச்சு, ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. ஈசலுக்கு மாற்றினேன், முதல் வீச்சிலேயே கெண்டை. இருட்டும்வரை எத்தனை என்று எண்ணவில்லை. "மீனுக்கு அது தெரியுமா?" என்ற படித்துறைப் பெரியவரின் கேள்விக்கு அன்றுதான் விடை கிடைத்தது.

ஈசல் ஈ கட்ட 12-ஆம் எண் முள். பழுப்புக் கம்பளி நூலை ஒற்றை இழையாகப் பிரித்து, வளைவு வரை ஒல்லியாகச் சுற்றுங்கள். வெள்ளை அல்லது சந்தன நிறச் சேவல் இறகின் நுனிகள் இரண்டை, முள்ளைவிட நீளமாக, முதுகின் மேல் படுத்தவாக்கில் கட்டுங்கள். முன்னால் இறகு இரண்டு சுற்று. மிதக்க வேண்டுமே, அதனால் ஆற்றுக்குப் போனதும் வாசலினை விரல்நுனியில் தொட்டு, உருகும்வரை தேய்த்து, மெல்லிசாகப் பூசுங்கள். அப்பினால் இறகு ஒட்டிக்கொண்டு மூழ்கிவிடும். மீன் பிடித்தபின் ஈ நனைந்து தொங்கும், துண்டில் ஒற்றி எடுத்து மறுபடி பூசுங்கள். இடி மின்னல் ஓயாத நாளில் மட்டும் போகாதீர்கள். கையில் இருப்பது 12 அடிக் கம்பு.

ரீல் வேண்டும் என்பவர்களுக்கு

ஆறு அகன்ற இடத்தில், இருபது முப்பது அடிக்கு அப்பால் எழும் மீனுக்கு மூங்கில் எட்டாது. அதற்கு ரீல் பொருத்தும் ஃப்ளை கம்பு வேண்டும். 9 அடி நீளம், 4 அல்லது 5 எடை என்று கம்பில் எழுதியிருக்கும். அதே எண் கொண்ட மிதக்கும் லைனை (ரீலில் சுற்றும் கனத்த நரம்பை) வாங்குங்கள், எண் பொருந்தவில்லை என்றால் வீச வராது. 5 எடை லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம் இருக்கும், அந்த 9 கிராம்தான் ஈயைக் கொண்டுபோகிறது. லைனின் நுனியில் 9 அடிக்கு, போகப்போக மெலியும் நரம்பு. லைன் தண்ணீரில் கிடப்பதால் நடு ஓட்டம் அதை வயிறு தள்ளவைத்து ஈயை இழுக்கும். விழுந்தவுடனே கம்பு நுனியால் அந்த வயிற்றை மட்டும் தூக்கி, ஓட்டத்தின் மேல்பக்கம் புரட்டிப் போட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் மூங்கிலில் கற்றதுதான். இந்தக் கம்பை வைத்திருப்பவர்கள் ஊட்டி, மூணாறு பக்கம் போகும்போது அங்கே உரிய அனுமதி வாங்கி நிஜ டிரவுட்டையும் பார்த்துவிட்டு வரலாம்.

பிடித்த மீன்

விட நினைத்தால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். எதிர்முள்ளை மடக்கியிருப்பதால் முள் தானாகக் கழன்று வரும். ஓட்டத்தைப் பார்த்துத் தலை இருக்கும்படி பிடித்து, தானாக நழுவும்வரை விட்டுவிடுங்கள். ஜிலேபியை நான் விடுவதில்லை. அது வெளியிலிருந்து வந்தது, எவ்வளவு எடுத்தாலும் ஆற்றுக்கு நஷ்டமில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைத்தால் அதையும் திரும்ப விடாதீர்கள்.

குழம்புக்கென்றால் சின்னக் கெண்டை பத்துப் பன்னிரண்டு போதும். கல் உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவி, தேங்காய் அரைத்துப் புளிக்குழம்பு வையுங்கள். முள் நிறைய. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பார்த்து.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தொப்பியில் குத்தி வைத்த ஈக்களை எண்ணுங்கள். அறுந்த நரம்புத் துண்டுகளை எல்லாம் பையில் போடுங்கள், கொக்கின் காலில் சிக்கினால் அதற்கு அவிழ்க்கத் தெரியாது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் டார்ச் அடித்துப் படித்துறையில் தேடுங்கள். விடிந்தால் அங்கே வெறுங்காலோடுதான் குளிக்க வருவார்கள்.